குதிரை எந்த நிலையில் வந்து சேர்ந்தது?

போன மாதம் ஒரு மழைநாள். பின்னேர விரிவுரை இல்லை எண்டு தெரிந்ததும் ஹொஸ்டல் அறையில் நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து ‘ஹிடால்கோ’ பார்த்தோம். 2004இல் டிஸ்னி வெளியிட்ட படம். ஃபிராங்க் ஹொப்கின்ஸ் என்றொரு அமெரிக்கக் குதிரைக்காரன் தன்னுடைய முஸ்டாங் குதிரையோடு அரேபியாவுக்குப் போய், 3,000 மைல் பாலைவனப் பந்தயத்தில் ஷேக்குமாரின் உயர்ந்த இனக் குதிரைகளை எல்லாம் முந்துகிறான். முஸ்டாங் என்றால் அமெரிக்க மேற்கில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரை, ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தது. விகோ மோர்டென்சன்தான் ஹொப்கின்ஸ். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் நல்லா நடிச்சிருக்கிறார். குதிரை அதைவிட நல்லா நடிச்சிருக்குது.

முடிவுக்குக் கிட்ட ஒரு காட்சி. காயப்பட்டுக் களைத்துப்போன ஹிடால்கோ மணலில் விழுந்து கிடக்கிறது. அதன் வேதனையை முடித்துவிடலாம் என்று ஹொப்கின்ஸ் துவக்கை எடுக்கிறான். பிறகு மனம் வராமல் இருந்து பிரார்த்திக்கிறான். குதிரை எழும்புகிறது. சேணம்கூட இல்லாமல் அதில் ஏறி ஓடி வெல்கிறான். எங்கட அறையில் ஒருத்தி அழுதே விட்டாள். “உண்மைக் கதையாமடி” எண்டு மற்றவள் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது: சாகக் கிடந்த குதிரையில ஏன் திரும்ப ஏறினவன்?

அந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கி, கொடுக்க வேண்டிய ஒரு அசைன்மென்றைப் பிந்திக் கொடுத்ததுதான் மிச்சம். ஆனால் தேடினது வீண்போகவில்லை.

முதலாவது, அது உண்மைக் கதை இல்லை. ஹொப்கின்ஸ் என்று ஒருவர் இருந்தது உண்மை. 1951இல் இறந்தார். தான் 400க்கு மேற்பட்ட நெடுந்தூரப் பந்தயங்களில் வென்றதாகவும், 1886இல் டெக்சாசின் கல்வெஸ்டனில் இருந்து வெர்மொண்ட் வரை 1,800 மைல் ஓடி வென்றதாகவும், பஃபலோ பில்லின் காட்சிக் குழுவில் பெரிய நட்சத்திரமாக இருந்ததாகவும் அவர்தான் சொன்னார். நெடுந்தூரக் குதிரைப் பயணிகளின் அமைப்பான லோங் ரைடர்ஸ் கில்ட் இதை எல்லாம் தோண்டிப் பார்த்தது. பஃபலோ பில்லின் ஆவணங்களில் இப்படி ஒரு நட்சத்திரத்தின் பெயரே இல்லை. அரேபியப் பந்தயம் பற்றிக் கேட்டால், அந்த வரலாற்றைப் படித்தவர்கள் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். சாட்சி சொல்ல ஆள் தேடி அலையும் ஊரில் இருந்துகொண்டு ‘உண்மைக் கதை’ என்ற சொல்லை ஒரு கொம்பனி சுவரொட்டிக்குப் பாவிக்கிறதைப் பார்க்க எரிச்சல்தான். ஆனால் அது என்னுடைய பெரிய எரிச்சல் இல்லை.

ஹொப்கின்ஸின் கதையைக் கவனித்துப் பாருங்கோ. ஆயிரக்கணக்கான மைல்கள், நூற்றுக்கணக்கான வெற்றிகள். குதிரைக்கு ஏதும் ஆகிறதில்லை. விழுந்தாலும் பிரார்த்தித்தால் எழும்பும். அமெரிக்க எல்லைப்புறத்தில் உண்மையாகவே நெடுந்தூரம் ஓடினவர்களின் கதைகளை வாசித்தால் இந்த இடம்தான் பொய் என்று உடனே பிடிபடும். அந்தக் கதைகளில் குதிரைகள் விழும், எழும்பாது.

ஃபிரான்சுவா ஒப்ரி என்பவரை எடுத்துக்கொள்வோம். கனடாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர், சாண்டா ஃபே பாதையில் வண்டிகளில் சாமான் கொண்டுபோய் விற்ற வியாபாரி. சாண்டா ஃபேயில் இருந்து மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் வரை ஏறக்குறைய 780 மைல். வண்டிகள் போக மாதக்கணக்கு எடுக்கும் தூரம். அவர் முதலில் 14 நாளில் ஓடினார். பிறகு எட்டு நாள் சொச்சத்தில். 1848 செப்டெம்பரில், ஆறு நாளுக்குள் முடிப்பேன் என்று 1,000 டொலர் பந்தயம் கட்டி, 5 நாள் 16 மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தார். நித்திரையில் விழாமல் இருக்கத் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது ஆளைக் குதிரையில் இருந்து தூக்கித்தான் இறக்கினார்களாம். அசாத்தியம், மறுக்கேல்லை. ஆனால் அந்தப் பாதை முழுக்க அவர் ஒன்றை விட்டு ஒன்றாகக் குதிரை மாற்றிக்கொண்டே வந்தார், அதில் பல பாதையிலேயே செத்தன. சாதனை ஒப்ரியின் பெயரில் பதிவாகியது. செத்த குதிரைகளின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அவசரச் செய்தி எதுவும் அவர் கையில் இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கோ. அது ஒரு பந்தயக் காசு.

எல்லாரும் இப்படி இல்லை. போனி எக்ஸ்பிரஸ் பற்றிப் பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்தில் ஏதோ வாசித்த ஞாபகம் உங்களுக்கும் இருக்கலாம். 1860 ஏப்ரலில் தொடங்கிய தபால் சேவை. மிசூரியின் சென்ற் ஜோசப்பில் இருந்து கலிபோர்னியாவின் சக்ரமென்டோ வரை ஏறக்குறைய 1,900 மைல், பத்து நாளில். 1861 ஒக்டோபரில் தந்திக் கம்பி முழுதாக இணைந்ததோடு இழுத்து மூடினார்கள். ஒன்றரை வருசம்தான், அதுவும் நட்டத்தில். இருந்தும் இத்தனை கதை, இத்தனை படம். எனக்கு அதில் பிடித்தது வீரம் இல்லை, கணக்கு. ஒரு ஆள் 75 மைலில் இருந்து 100 மைல் வரை ஓடுவான். ஒரு குதிரை 10, 15 மைல்தான். நிலையம் வந்ததும் தபால் பை தைத்த தோல்விரிப்பைத் தூக்கி அடுத்த குதிரையில் போட்டுக்கொண்டு போவான், இரண்டு நிமிசத்துக்குள். முழு வேகத்தில் குதிரை எவ்வளவு தாங்கும் என்று யோசித்த பிறகே நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். கருணையால் செய்தார்கள் எண்டு சொல்லமாட்டன். ஒரு குதிரைக்கு 200 டொலர் வரை கொடுத்து வாங்கினவன் அதைச் சாகவிடுவானா? அது இலாபக் கணக்கு. ஆனாலும் ஒப்ரியிடம் இல்லாத ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது.

அந்தச் சேவையின் பெரிய நாயகன் ‘போனி பொப்’ ஹஸ்லாம். 1860 மே மாதம், நெவாடாப் பகுதியில் பையூட் மக்களோடு போர் மூண்ட நேரம். மாற்றாள் ஏறப் பயந்து மறுக்க, ஹஸ்லாமே தொடர்ந்து ஓடினார். போய்த் திரும்பியது மொத்தம் 380 மைல் என்று சொல்கிறார்கள். திரும்பி வரும்போது ஒரு நிலையம் எரிந்து கிடந்தது, காவலாள் கொல்லப்பட்டிருந்தார், குதிரைகளைக் காணவில்லை. அந்த மனுசனுக்கு வேறு வழி இருக்கவில்லை. வந்த குதிரையிலேயே போகவேண்டியதுதான். அதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கதை சொல்பவர்கள் அந்த எரிந்த நிலையத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். வெள்ளையர் வந்து பையூட் மக்கள் உணவுக்கு நம்பியிருந்த பைன் மரங்களைத் தறித்ததும், புல்வெளியை அவர்களுடைய மாடுகள் மேய்ந்து முடித்ததும், பையூட் சிறுமிகளை ஒரு நிலையத்து ஆட்கள் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லப்படுவதும் அடிக்குறிப்புக்குப் போய்விடும். வீரக் கதைக்கு இரண்டு பேரை மறைக்க வேண்டியிருக்கிறது: வழியில் இருந்த மக்களையும், கீழே இருந்த குதிரையையும்.

இனி எனக்குப் பிடித்த பந்தயத்துக்கு வாறன். இது உண்மையாக நடந்தது. 1893 ஜூன் 13, நெப்ராஸ்காவின் ஷாட்ரன் என்ற சின்ன ஊரில் இருந்து ஒன்பது பேர் சிக்காகோவுக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 1,000 மைல். ஒவ்வொருவருக்கும் இரண்டு குதிரை மட்டும், வழியில் மாற்ற ஏலாது. சிக்காகோவில் அப்போது உலகக் கண்காட்சி. உள்ளே இடம் கிடைக்காத பஃபலோ பில் வாசலுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தன் காட்சியை நடத்திக்கொண்டிருந்தார். பந்தயம் அந்தக் கூடாரத்தில்தான் முடியவேண்டும். ஓடினவர்களில் ஒருவர் டொக் மிடில்டன், முன்னாள் குதிரைக் கள்ளன். இதை எல்லாம் விட்டுவிட்டு ஏன் ஹொலிவூட் இல்லாத பந்தயத்தைத் தேடிப் போனது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

சுவாரசியம் கள்ளனோடு முடியவில்லை. பந்தயம் பற்றிய செய்தி பரவியதும் மிருகவதைத் தடுப்புச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. எழுதினார்கள், தடுக்கச் சொன்னார்கள். சிக்காகோ இருக்கும் இலினோய் மாநிலத்தின் ஆளுநர் ஜோன் ஓல்ட்கெல்ட், மிருகவதைச் சட்டத்தை மீற விடமாட்டோம் என்று அறிக்கை விட்டார். கடைசியில் ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள்: பந்தயம் நடக்கட்டும், சங்கத்து ஆட்கள் ரயிலில் முன்னுக்குப் போய் வழியில் குதிரைகளைப் பரிசோதிப்பார்கள். ஓட முடியாத குதிரை ஓடக்கூடாது. கௌபோய்மார் முதலில் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பரிசோதனைகளுக்குக் குதிரையைக் கொண்டுவந்து காட்டத்தான் வேண்டியிருந்தது.

ஜூன் 27 காலை ஜோன் பெரி முதலாவதாக வந்தார், பொய்சன் என்ற குதிரையில். 13 நாள் 16 மணித்தியாலம். பெயர் நஞ்சு, ஓட்டம் அமிர்தம். ஆனால் பாதையைத் தீர்மானிக்க உதவினவரே அவர்தான் எண்டு ஒரு சண்டை. இன்னொருவர் குதிரைகளை ரயிலில் ஏற்றினார் எண்டு இன்னொரு சண்டை. பரிசுப் பணத்தைப் பிரிக்க ஒரு பஞ்சாயத்து. யார் வென்றது என்பது கடைசிவரை குழப்பம்தான். அந்தக் குழப்பத்துக்குள் குதிரைகள் பெரும்பாலும் உயிரோடு வந்து சேர்ந்த விசயம் யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் செய்தி.

ஏனென்றால் அறுபது வருசம் கழித்து அதே பரிசோதனைதான் பந்தயத்தின் முதுகெலும்பாகியது. 1955இல் கலிபோர்னியாவின் ஓபேர்ன் ஊரைச் சேர்ந்த வெண்டல் ரோபி, இந்தக் காலத்துக் குதிரை ஒரு நாளில் 100 மைல் ஓடாது எண்டு யாரோ சொன்னதற்கு, ஓடிக் காட்டுறன் எண்டு சிலரைச் சேர்த்துக்கொண்டு சியரா நெவாடா மலையைக் கடந்தார். இன்றைக்கு அது டெவிஸ் கப். 24 மணித்தியாலத்துக்குள் 100 மைல். வழியில் மிருக வைத்தியர்கள் நிற்பார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு அறுபது சொச்சத்துக்கு இறங்கவேண்டும். தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள், முரசைப் பார்ப்பார்கள், வயிற்றில் சத்தம் கேட்குதா எண்டு காது வைப்பார்கள், கொஞ்சத் தூரம் ஓடவிட்டு நொண்டுதா எண்டு பார்ப்பார்கள். சரியில்லை என்றால் அதோடு சரி. 95ஆவது மைலாக இருந்தாலும் இறங்கவேண்டியதுதான். கிளம்புபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகும் ஒரு பரிசோதனை இருக்கிறது: இந்தக் குதிரை இன்னும் போகக்கூடிய நிலையில் இருக்கிறதா? இல்லை என்றால் முடித்ததாகவே கணக்கில்லை. ‘ஹிடால்கோ’வின் கடைசிக் காட்சி அங்கே நடந்திருந்தால் ஹொப்கின்ஸ் வெல்லவே மாட்டான்.

விதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. படம் கற்பனை செய்த அதே அரேபியப் பக்கத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தில், தட்டையான மணல் பாதையில் பெரும் வேகத்தில் ஓடவிட்டுக் குதிரைகள் கால் முறிந்த விவகாரங்கள் வெளிவந்து, 2015இல் சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் அந்த நாட்டுச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. வைத்தியர் அங்கேயும் நின்றார். காசும் வேகமும் கூடினால் வைத்தியரின் குரல் எடுபடாது.

இதை எல்லாம் அறையில் சொன்னபோது, “படத்தை ரசிக்க விடமாட்டியா?” எண்டு கேட்டாள் அழுதவள். நியாயம்தான். ஆனால் அவளே போன பரீட்சைக்கு மூன்று இரவு நித்திரை இல்லாமல் படித்து, மண்டபத்து வாசலில் மயங்கி விழுந்து, தண்ணி தெளித்து எழுப்ப, உள்ளே போய்ப் பரீட்சை எழுதினவள். பட்ச் முழுக்க அதை இன்னும் ஒரு வீரக் கதையாகத்தான் சொல்லுது. நானும் சொல்லியிருக்கிறன். அன்றைக்குத்தான் முதல்தரமாக அதைச் சொல்ல வாய் வரவில்லை.

டெவிஸ் கப்பில் எனக்குப் பிடித்த கதை குதிரை இல்லாமல் ஓடினவனுடையது. கோர்டி ஐன்ஸ்லி, கொஞ்சம் பாரமான ஆள். 1973இல் இவருடைய குதிரை பாதி வழிகூடப் போகமுதல் நொண்டியது, வைத்தியர் நிறுத்திவிட்டார். அடுத்த வருசம் குதிரையே இல்லாமல் வந்து, குதிரைகளுக்குள் குதிரையாக அதே 100 மைலைக் காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற 100 மைல் மலையோட்டங்களின் தொடக்கம் அங்கேதான். தாங்கிக் காட்டவேண்டும் என்ற ஆசை தன்னுடையது என்றால் தன்னுடைய காலாலேயே ஓடுகிறது ஒரு நேர்மை. ஒப்ரிக்கு அது தோன்றியிருக்காது.

அந்தப் பந்தயத்தில் ஹகின் கப் என்று இன்னொரு பரிசும் உண்டு. முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு. இரவு கொடுப்பதில்லை. அடுத்த நாள் காலை, ஓடினவர்கள் எல்லாம் கால் இழுத்து இழுத்து நடக்கிற நேரம், பத்துக் குதிரைகளையும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வைத்தியர்கள் ஒவ்வொன்றின் காலையும் முதுகையும் தடவிப் பார்ப்பார்கள். பிறகு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். யாராவது ஒரு படம் எடுத்தால் அந்தக் காலையில் தொடங்கவேண்டும். முதல் நாள் இரவு யார் முதலாவதாக வந்தது எண்டு கடைசிவரை சொல்லாமல்.