கயிறு கேட்கும் கவிஞர்களுக்கு

வெள்ளவத்தையில் அண்மையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவொன்றில் நமது கவிஞர் ஒருவர் நாட்டில் பெருகிவரும் குற்றங்களுக்கு மருந்து சொன்னார்: "தூக்குமேடையைத் திறவுங்கள்!" சபை கைதட்டியது. இதே கவிஞர்தான் 2013இல் மூதூர் ரிஸானா நபீக்கிற்காக இரங்கற்பா வாசித்தவர். அன்றும் சபை கைதட்டியது. இவ்விரண்டு கைதட்டல்களும் எப்படி ஒத்துப்போகும்?

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு மரணதண்டனையை இடைநிறுத்தியது. குற்றவியல் அறிஞர் நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு விடயத்தை ஆராய்ந்து, அந்த இடைநிறுத்தம் தொடர வேண்டுமென 1959இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். அறிக்கை ஒதுங்கியது, கயிறு திரும்பியது. 1962 ஜூலை 6ஆம் திகதி தல்துவே சோமாராம வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். அறிவு சொன்னதைக் கோபம் அழித்தது.

நாட்டின் கடைசித் தூக்கு 1976 ஜூன் 23இல் நடந்தது. ஆனால் கோபம் ஓயவில்லை. 2004இல் நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொலையுண்டபோது சந்திரிகா கயிற்றைத் தேடினார். 2019இல் மைத்திரிபால நால்வரின் தண்டனைக்குக் கையொப்பமிட்டதாகவே அறிவித்தார். அலுகோசு பதவிக்கு விளம்பரமும் வந்தது. உயர் நீதிமன்றம்தான் தடுத்தது.

குற்றவாளியைத் தடுப்பது தண்டனையின் கொடூரமல்ல, அகப்படுவோம் என்ற நிச்சயமே என்று இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார். நூறு வருடங்களுக்குப் பின் லொம்புரோசோ குற்றவாளியை மண்டையோட்டிலும் தாடையிலும் தேடினார். பின்வந்தவர்கள் அதைக் கைவிட்டு, அவன் வளர்ந்த தெருவையும் வறுமையையும் பார்த்தார்கள். நமது கவிஞரோ இன்னும் பெக்காரியாவிடமே வந்து சேரவில்லை.

நமது வாசலுக்கே வருவோம். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் கணேமுல்ல சஞ்ஜீவவைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு கொலை. கைதான சந்தேகநபர்கள் இருவரும் பொலிஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பறிக்க முயன்றார்கள் என்றது பொலிஸ். "சனி தொலைந்தது" என்றார் எனக்குத் தெரிந்த தேநீர்க்கடைக்காரர். தொலைந்தது சனியா, சாட்சியா? அனுப்பியவன் யார், பணம் கொடுத்தவன் யார் என்று சொல்லக்கூடிய இரண்டு வாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அனுப்பியவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

"மார்க்கத்தில் மரணதண்டனை இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் ஹத்துத் தண்டனையைத் தவிருங்கள் என்பதும் நமது பிக்ஹு விதிதான். கிஸாஸைச் சொல்லும் திருவசனமே மன்னிப்பையும் சொல்கிறது. அவற்றை ஏன் மேடையில் சொல்வதில்லை?

ரிஸானா வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் போன பிள்ளை. தீர்ப்புவரை அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. கொடுத்த வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தாள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவள் தலை வெட்டப்பட்டது. பணமில்லாதவர், மொழி தெரியாதவர், பேச ஆளில்லாதவர் – வாளுக்கும் கயிற்றுக்கும் முதலில் அகப்படுவோர் எங்கும் இவர்களே. வெலிக்கடைக் கயிறு மட்டும் ஆள் பார்த்து நீதி செய்யுமா?

கவிஞரே, கயிறு வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் ரிஸானாவுக்கு எழுதிய இரங்கற்பாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.