காலில் ஒரு சிறுத்தை!

‘லோஃபர்’ என்றால் நம் ஊரில் அது திட்டு. அப்பா சொன்னால், வேலைக்குப் போகாத பையன். பெண்ணைப் பெற்றவர் சொன்னால், தெருமுனையில் நிற்கிற பையன். ஷூ கடைக்காரர் சொன்னால் மட்டும் ஷூ! லேஸ் கிடையாது. காலை நுழை, கிளம்பு... அவ்வளவுதான். நார்வே மாடல். அமெரிக்காவின் பாஸ் கம்பெனி 1936-ல் அதற்கு ‘வீஜன்ஸ்’ என்று பெயர் வைத்து விற்று உலகப் பிரசித்தமாக்கியது.

இப்போது அந்த ஷூ மேலேயே சிறுத்தைப் புள்ளி! ‘ஐயோ, எந்தக் காட்டுச் சிறுத்தையோ...’ என்று பதறாதீர்கள். சிறுத்தைத் தோல் வியாபாரம் பண்ணினால், 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ணவேண்டியதுதான். உயர்ந்த ரகத்தில் இருப்பது, முடியோடு பதனிட்டுப் புள்ளி அச்சடித்த மாட்டுத் தோல். பசுத்தோல் போர்த்திய புலி தெரியும். இது சிறுத்தைத்தோல் போர்த்திய பசு! மலிவு ரகம் என்றால் வெறும் துணி, ரெக்ஸின். கடையிலேயே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் சொரசொர என்றால் முடித்தோல்.

சரி, எதோடு போடுவது? கச்சேரியில் ஒருத்தர்தான் பாடவேண்டும். ஷூ பாடினால் சட்டை சுருதிப்பெட்டி. வெள்ளையோ இளநீலமோ, பிளெயின் சட்டை. கறுப்பு, நேவி புளூ அல்லது காக்கி பேன்ட். கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட டை வேண்டாம். பெல்ட்டிலும் சிறுத்தை என்றால், ‘சர்க்கஸ் எத்தனை மணிக்கு ஸார்?’ என்பார்கள். வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஸாக்ஸ்? மூச்!

இன்டர்வியூ, ஆடிட், பெண் பார்க்கும் படலம் மூன்றுக்கும் பழைய கறுப்பு ஷூவே துணை. மார்க்‌ஷீட்டைப் பார்க்கவேண்டியவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை யாருக்குக் கிடைக்கும்? சனிக்கிழமை, ரிசப்ஷன், ஆபீஸ் பார்ட்டி... தாராளமாகப் போடலாம்.

இனி பராமரிப்பு. பி.காம். படித்த புத்தி, கணக்கில்தான் போகும். 3,000 ரூபாய் ஷூவை 30 தடவை போட்டால் தடவைக்கு 100 ரூபாய். 300 தடவை உழைத்தால் 10 ரூபாய்தான். மாதச் சம்பளக்காரனுக்கு இந்த வித்தியாசம் சும்மாவா?

முடித்தோலுக்குப் பாலிஷ் ஆகவே ஆகாது. நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சிரத்தையாகக் கறுப்பு பாலிஷ் போட்டார். திங்கட்கிழமை அவர் காலில் கருஞ்சிறுத்தை! மெத்தென்ற பிரஷ்ஷால், முடி படிந்த திசையிலேயே தடவினால் போதும். நனைந்தால் துணியால் ஒற்றி, உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு ஷூ பெட்டியிலேயே இருக்கட்டும்.

பைக்கில் கால் விரலால் கியரைத் தூக்குகிறவரா? இடது ஷூவுக்குத்தான் முதலில் வழுக்கை விழும். தலையில் கொட்டினாலாவது எண்ணெய் விளம்பரம் இருக்கிறது. ஷூவில் கொட்டினால் கொட்டியதுதான். செருப்போடு ஓட்டிப்போய் ஆபீஸில் மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்தில் பின்பக்கத்தை மிதித்துச் சப்பாத்தி ஆக்காதீர்கள். லேஸ் இல்லாத ஷூவுக்கு அந்தப் பிடிப்புதான் உயிர். ஒருநாள் போட்டால் மறுநாள் லீவு கொடுங்கள், வியர்வை காயட்டும்.

முதல் நாள் ஆபீஸே சிரிக்கும். காலை மேஜைக்கடியில் ஒளிக்காதீர்கள். மூன்றாம் நாள், அதிகமாகச் சிரித்தவரே ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்: “எட்டாம் நம்பர் இருக்குமா, பிரதர்?”