மலிவான மாத்திரையும் எட்டாத சோதனையும்

ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்குக் காப்புரிமை இல்லை என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006இல் தொடங்கிய மறுப்பை நிலைநிறுத்தியது. அறிந்த பொருளின் புதிய வடிவம் சிகிச்சைப் பலனைக் கூட்டினாலன்றிக் கண்டுபிடிப்பு ஆகாது என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவின்படி, உடல் மருந்தை 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சுவது மட்டுமே அத்தகைய பலனாகாது என நீதிமன்றம் கொண்டது முற்றிலும் சரியே. அப்போது மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலைகொண்டிருந்த மருந்து, பொதுப்பெயரில் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தொடர்ந்து கிடைக்கத் தீர்ப்பு வழிவிட்டது.

தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நிற்கும் மற்றொரு செலவைப் பற்றியும், அதாவது மருந்தின் பலனைக் கண்காணிக்கும் சோதனையின் செலவைப் பற்றியும், பேச வேண்டியுள்ளது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் இணைவு மரபணு, பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றை முடுக்கும் டைரோசின் கைனேஸ் நொதியை ஓயாமல் இயங்கவைக்கிறது. இமாட்டினிப் அந்நொதியின் ஏடிபி குழியில் அமர்ந்து இயக்கத்தை நிறுத்துகிறது. எனினும் 315ஆம் இடத்துத் திரியோனைன் ஐசோலூசினாக மாறும் டி315ஐ திடீர்மாற்றத்தைப் பெற்ற உயிரணுவில் மருந்து அங்கே பொருந்துவதில்லை. ஏனைய உயிரணுக்கள் மருந்தால் மடிய, இதன் வழித்தோன்றல்கள் மட்டும் தடையின்றிப் பெருகுகின்றன. டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகிய மருந்துகளும் இத்திடீர்மாற்றத்திடம் தோற்கின்றன.

இந்தப் பெருக்கம் தொடங்கும் நாட்களில் வெள்ளணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். இணைவு மரபணுவின் படிகளை எண்ணும் அளவறி மூலக்கூறுச் சோதனையும், ஐயம் எழுந்தால் கைனேஸ் பகுதியின் வரிசையறிதலுமே அதைக் காட்டிக்கொடுக்கும். மாத்திரையைத் தர முன்வரும் அரசுகள் இவ்விரண்டையும் ஆடம்பரமாகக் கருதி ஒதுக்குவது அநீதி. பலன் குன்றிவிட்ட மருந்தையே மாதக்கணக்கில் விழுங்கி, நோய் வெடிநிலைக்கு, அதாவது முதிரா அணுக்கள் ரத்தத்தை நிறைக்கும் கட்டத்திற்குச் சென்றபின் வந்துசேரும் நோயாளிக்கு, மருந்து மலிந்ததால் என்ன பயன்? அணு எண்ணிக்கைச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருந்தைத் தொடரச் சொல்லும் மாவட்ட மருத்துவரின் மேல் பழிபோடுவது தகாது. அவரிடம் வேறு கருவி தரப்படவில்லை.

மருந்துக்கு நிதி ஒதுக்கும் ஆணை ஒவ்வொன்றிலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்யவேண்டிய மூலக்கூறுச் சோதனையும் இடம்பெற வேண்டும். அதுவரை, சோதனை செய்ய வழியின்றிப் போன ஒவ்வொரு முறையையும் குருதியியல் மருத்துவர்கள் நோயாளியின் கோப்பில் தவறாது எழுதிவைத்து, அந்த எண்ணிக்கையை மாநிலச் சுகாதாரத் துறைக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும் என இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.