கைநாட்டு வீட்டுக்கு ஒரு வீட்டுப்பாடம்

பேங்க் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார் ஒரு பெண். மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திச் சீட்டில் வைத்தார். பணத்தை எண்ணி வாங்கியபிறகும் நகரவில்லை. மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, டீச்சர் என்னமோ எழுதி விட்டிருக்காங்க. வாசிச்சுச் சொல்லுங்க."

மூணாங் கிளாஸ் பையனின் நோட்டு. சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'வாசிப்பு வரவில்லை. வீட்டில் கவனிக்கவும்.' வாசித்துச் சொன்னேன்.

"நா எதப் பாத்துக் கவனிக்க? இந்த எழுத்து தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் கொண்டாறேன்?"

அந்தக் கேள்விக்கு என் கவுண்டரில் சலான் இல்லை.

மேலூர்ப் பக்கத்துச் சேரிகளில் விடிகாலை பஸ்ஸில் மதுரைக்குச் சித்தாள் வேலைக்குப் போகிற தாய்மார்கள் இருட்டித்தான் திரும்புகிறார்கள். அந்த வீட்டைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் சொல்கிறது, 'நீ சொல்லிக்கொடு' என்று. பையனுக்கு வாசிப்பு வரவில்லையென்றால் குற்றவாளி ரெடி. கைநாட்டு ஆத்தா.

1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது ஒழிந்தது. அன்றைக்கு 'உன் தொழிலை நீயே கற்றுக்கொடு' என்று வீட்டுக்குச் சொன்னார்கள். இன்றைக்கு 'எங்கள் பாடத்தை நீயே கற்றுக்கொடு' என்கிறார்கள். சுமை இறங்குகிற திண்ணை மட்டும் மாறவில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ம் வருசத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை வருசத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்த்து, பின்தங்கினால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. எட்டு வயசுக்குள் பிழையில்லாமல் வாசிக்க, கணக்குப் போட வைக்கிறோம் என்றுதான் 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அப்படியானால் அந்தச் சிவப்பு மை வரி யாருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்?

சரி, வீட்டால் ஒன்றும் ஆகாதா? ஆகும். எழுத்துத் தெரியாத ஆத்தாவும் 'இன்னைக்கு என்ன படிச்ச, வாசிச்சுக் காட்டு' என்று கேட்கலாம். பிள்ளை திக்குகிற இடம் காதுக்குத் தெரியும். சந்தைக் கணக்கைப் பிள்ளையைப் போடச் சொல்லலாம். விடுகதையும் கதையும் நம் வீடுகளில் பஞ்சமில்லை. எல்லாவற்றையும்விட, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அங்கே போய் உட்கார்ந்து, '200 நாள்ல எம்புள்ளைக்கு என்ன சொல்லிக்குடுத்தீக?' என்று கேட்கலாம்.

கேட்பது லேசில்லை என்று தெரியும். தலித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைப் பொறுக்காமல் 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிச் சாய்த்த வட்டாரம் இது. எழுத்து என்பது இங்கே மதிப்பெண் சமாச்சாரம் மட்டுமல்ல. அதனால்தான் அந்த ஆத்தாவைத் தனியாக அனுப்பக் கூடாது.

யார் கூடப் போவது? 1956-ல் ஆக்ராவில், படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள், சுற்றிலும் குமாஸ்தாக்களாகத்தான் தெரிகிறார்கள் என்று மனம் நொந்து பேசினார் அம்பேத்கர். அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருத்தன். இடஒதுக்கீட்டில் படித்து, வேலை வாங்கி, டவுனில் வீடு பிடித்து, நம் பிள்ளைகளை மட்டும் டியூஷனுக்கு அனுப்புகிற நாமும் அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுதப்பட வேண்டியவர்கள்தான்.

சேரிச் சாவடியில் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு லைட்டு, ஒரு பாய், படித்தவர் ஒருத்தர். பெரிய காசு ஆகாது. பள்ளிக்கூடத்தின் வேலையைப் பள்ளிக்கூடத்திடம் கேட்டு வாங்குவோம். நம் வேலையை நாம் செய்வோம்.

அந்தப் பெண்ணிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "சனிக்கிழமை சாயங்காலம் வர்றேம்மா" என்றேன். நம்பாமல்தான் பார்த்துவிட்டுப் போனார். நம்ப வைக்க வேண்டியது என் வேலை.