இரு மௌனங்களுக்கு நடுவே ஓர் உயிர்

பிள்ளைத்தாய்ச்சியின் காதிற் கெட்ட செய்தி விழலாகாது என்பது எம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். மரண வீட்டுக்கு அவளை அழைத்துச் செல்ல மாட்டார்கள். கிரகண வேளையில் வெளியே விட மாட்டார்கள். அயலில் எவருக்கேனும் கருச் சிதைந்தால் அதனை அவளிடம் சொல்ல மாட்டார்கள். இவ்வழக்கத்தின் வேர் அன்பு என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அச்செய்தி அவளது உடலைப் பற்றியதாகவே இருக்கும்போது அதனை மறைப்பதும் அன்பாகுமா? இவ்வாரம் வாசகர் முன் நாம் வைக்க விரும்பும் வினா இதுவே.

இங்கிலாந்தில் வாழும் ஓர் இளந் தம்பதியரை நாம் அறிவோம். கணவர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்; எரிபொருள் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவர். மனைவி பின்னர் வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் இன்னும் கைவரவில்லை. 2009ஆம் ஆண்டு வன்னியின் இறுதி நாட்களிற் பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்த அவர், தன் கண் முன்னாலேயே தம்பியைப் பறிகொடுத்தவர். மணமான பின் உண்டான முதற் கரு மூன்றாம் மாதத்திற் கலைந்தது. இப்போது வயிற்றில் வளர்வது இரண்டாவது. பெயர் குறிப்பிடாது எழுத இருவரும் இணங்கினர். "எங்களைப்போலை இருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டால் எழுதுங்கோ ரீச்சர்" என்றார் மனைவி.

31ஆம் வாரத்துப் பரிசோதனையில் அவரது இரத்த அழுத்தம் 150/100 எனக் காட்டிற்று. சிறுநீரிற் புரதமும் இருந்தது. வைத்தியர் பத்து நிமிடம் வரை விளக்கினார். பிறீஎக்லாம்சியா என்னும் நோய் தொடங்கியுள்ளது. குழந்தை வளர்ச்சியிற் சற்றுப் பின்தங்கியுள்ளது. காலத்துக்கு முன்பே பிரசவிக்க நேரலாம். கடுந் தலைவலியோ பார்வைக் குழப்பமோ ஏற்பட்டால் ஒரு கணமும் தாமதிக்காது வரவேண்டும் என்றார். கணவர் அனைத்தையும் கேட்டார். மனைவியின் பக்கம் திரும்பி ஒரே வசனத்தில் மொழிபெயர்த்தார்: "பிறஷர் கொஞ்சம் கூடவாம், குளிசை போட்டுக்கொண்டு ஆறுதலாய் இருக்கட்டாம்."

மறுநாள் மாலை அவர்கள் இல்லம் சென்றிருந்தோம். எம்மை வழியனுப்ப வாசல் வரை வந்த கணவர் உண்மையைத் தாழ்ந்த குரலிற் சொன்னார். ஏன் மறைத்தீர் எனக் கேட்டோம். "அவ எவ்வளவைத் தாங்கிப்போட்டா ரீச்சர். இதையும் நான் என்ரை வாயாலை சொல்ல வேணுமோ?" என்றார். அம்மனிதரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆனால் திரும்பி உள்ளே சென்று, மனைவியிடம் உடல்நிலையை விசாரித்தோம். முதல் நாளிரவிலிருந்து தலை வெடிப்பதுபோல் வலிப்பதாகவும், கண்ணெதிரே மின்மினி பறப்பதுபோல் தோன்றுவதாகவும் அவர் சொன்னார். கணவருக்கு ஏன் சொல்லவில்லை? "சொன்னால் இவர் வேலைக்குப் போகமாட்டார். ரண்டு நாள் நிண்டால் வேலையும் போயிடும்."

வாசகர்களே, ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பினாற் கணவர் ஒன்றை மறைத்தார். மனைவி இன்னொன்றை மறைத்தார். இவ்விரு மௌனங்களுக்கும் நடுவே கிடந்தது ஒரு சிசுவின் உயிரும் தாயின் உயிரும். அன்றிரவே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவரை அழைத்துச் சென்றோம். அழுத்தம் 160/110 ஆக ஏறியிருந்தது.

இந்நோயை எம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம். பெரும்பாலும் 20ஆம் வாரத்தின் பின்னரே இது தோன்றும். நஞ்சுக்கொடியின் குருதிக் குழாய்கள் செவ்வனே அமையாமையோடு தொடர்புடையது என்பர். தாயின் இரத்த அழுத்தம் உயரும்; சிறுநீரகமும் ஈரலும் பாதிப்புறலாம்; சிசுவுக்குச் செல்லும் குருதி குறையலாம். முற்றினால் வலிப்புக் காணும். தொடக்கத்திலே தாய்க்கு எந்த உபாதையும் தெரியாதிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பது இதனாலேயே. இதற்கு முடிவான பரிகாரம் பிரசவம் ஒன்றே. அதன் பின்னரும் சில வாரங்கள் கவனம் தேவை.

அன்றிரவு அந்த வாட்டில் நாம் செய்தது ஒரேயொரு காரியம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம். கால் மணி நேரத்தில் தொலைபேசி வழியாக ஒரு தமிழ்க் குரல் வந்தது. இது சலுகையன்று. ஆங்கிலம் பேச இடர்ப்படும் கர்ப்பிணிக்கு மொழிபெயர்ப்பாளர் வழங்கப்பட வேண்டும். அவர் அப்பெண்ணின் குடும்பத்தவராகவோ துணைவராகவோ இருத்தலாகாது என்று இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளது. இதற்கு நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் எம்மவரிற் பலர் கணவரையோ, பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையையோ அழைத்துச் செல்கின்றனர். பத்து வயதுப் பிள்ளை தாயின் கருப்பையைப் பற்றி வைத்தியரிடம் பேசும் நிலைமையை நாமே கண்டிருக்கிறோம்.

மருத்துவத்தைத் தமிழிற் கேட்பது எமக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் தமிழாக்குவித்த நூல்களுள் பிரசவ வைத்தியமும் ஒன்று. பிற்காலத்தில் ஊரின் குடும்பநல மருத்துவமாது துவிச்சக்கர வண்டியில் வீடு தேடி வந்து, முற்றத்தில் இருந்தபடியே கர்ப்பிணியோடு அவள் மொழியிற் பேசினார். அத்தகைய மரபில் வந்த பெண்கள், தமக்கு விளங்காத தாள்களில் ஒப்பமிடும் நிலைக்கு ஆளாவானேன்?

மொழிபெயர்ப்பாளர் வந்ததும் அந்தப் பெண் மூன்று கேள்விகள் கேட்டார். பிள்ளை உயிரோடு பிறக்குமா? எனக்கு வலிப்பு வருமா? இன்னும் எத்தனை நாள் வயிற்றில் வைத்திருக்கலாம்? வைத்தியர் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. தாயின் உடல் தாங்கும்வரை, வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு இலாபம் என்றார். அவர் அழுதார், கணவரும் அழுதார். பின்னர் ஒரு கொப்பி வாங்கித் தருமாறு கேட்டார். அன்று முதல் நாள்தோறும் திகதியும் அழுத்தமும் பிள்ளையின் அசைவும் அதில் அவர் கைப்படவே எழுதப்படுகின்றன. உண்மையை அறிந்தால் மனைவி உடைந்து போவார் என்று அஞ்சிய கணவர், இப்போது அந்தக் கொப்பியைப் பார்த்தே தாம் தைரியம் கொள்வதாகச் சொல்கிறார்.

நம்பிக்கைக்கு இடமுண்டு. காலத்துக்கு முன் பிறக்கக்கூடிய சிசுவின் நுரையீரல் முதிர, தாய்க்கு ஸ்ரீரொயிட் ஊசி ஏற்றலாம் என்பதை நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் லிகின்ஸ், ஹோவி என்னும் இரு வைத்தியர்கள் 1972ஆம் ஆண்டு நிறுவினர். எமக்குத் தெரிந்த அப்பெண்ணுக்கும் அவ்வூசி ஒரு நாள் இடைவெளியில் இரு தடவை ஏற்றப்பட்டது. மக்னீசியம் சல்பேற் என்னும் மலிவான மருந்து, வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேலாகக் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002ஆம் ஆண்டு காட்டியது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை, 1970களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேற்றர் போதாத ஒரு வைத்தியசாலையிற் பிறந்தது. இல்லாமையிலிருந்து எழுந்த அம்முறையை இன்று செல்வந்த நாடுகளும் கைக்கொள்கின்றன. தந்தையின் மார்பும் அதற்குப் போதும் என்று தாதி சொன்னபோது, கணவர் முகத்தில் பல நாட்களின் பின் ஒரு சிரிப்பைக் கண்டோம்.

தீராத குறையொன்றும் உண்டு. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்வது எம் வழக்கம். இப்பெண்ணின் தாயார் வருவதற்கு விண்ணப்பித்த விசா மறுக்கப்பட்டது. காவிரி பெருகி வழி மறித்ததால் வர இயலாத தாயின் வடிவிற் சிவபெருமானே வந்து, செட்டிப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த தாயுமானவர் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இன்று வழி மறிப்பது நதியன்று, எல்லைகளும் தாள்களும். அந்தத் தாயின் இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் அயலிலுள்ள தமிழ்ப் பெண்களே. இப்போது நான்கு குடும்பங்கள் முறைவைத்து உணவு கொண்டு செல்கின்றன. இவ்வரிகளை எழுதும் வேளையிற் கொப்பியில் 32 வாரமும் நான்கு நாட்களும் எனக் குறிக்கப்பட்டுள்ளது. மேலே என்ன நிகழும் என்பதை எவரும் அறியார்.

கர்ப்பிணி இருக்கும் வீடுகளுக்குச் சில சொற்கள். கடுந் தலைவலி, கண்ணில் ஒளிப்பொறி, விலா எலும்பின் கீழ் நோ, வாந்தி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றை "பிள்ளைத்தாய்ச்சிக்கு உள்ளதுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திராது உடனே தொலைபேசி எடுங்கள். மாதம் முதிர அசைவு குறையும் என்பது தவறான எண்ணம். முன்பு இந்நோய் கண்டவர்கள் மீண்டும் கருவுற்றால், ஆரம்பத்திலேயே வைத்தியரிடம் கூறுங்கள். 12ஆம் வாரம் முதற் குறைந்த அளவு அஸ்பிரின் எடுக்குமாறு அவர் பணிக்கக்கூடும். தாமாக எடுத்தலாகாது. இங்கிலாந்தில் தஞ்சக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளவர்களிடம் வைத்தியசாலைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களிடம் பின்னர் பணம் கேட்கப்படலாம். ஆனால் பணமில்லை என்பதற்காகப் பிரசவ சிகிச்சையை மறுக்கவோ பின்போடவோ அங்கு விதியில்லை. ஆகவே அச்சத்தால் வீட்டில் ஒளிந்திராதீர்கள்.

கணவன்மாருக்கு ஒன்று. உங்கள் மனைவி போரையும் கடலையும் கடந்து வந்தவள். அவள் தாங்கமாட்டாள் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவளது கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருங்கள். சொல்ல வேண்டியதை வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரும் சொல்லட்டும். அவளது உடலைப் பற்றிய செய்தியை முதலில் அறிய வேண்டியவள் அவளே.