கோப்பைக்கு ஸ்பான்சர் இருக்கு... நம்ம ஏரியா ஸ்கூல் டீமுக்கு?

கூடைப்பந்து கோவைக்குப் புதுசு இல்லை. நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கான அகில இந்திய ஆண்கள் போட்டி இங்கே ஐம்பது முறைக்கு மேல் நடந்துவிட்டது. பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை இருக்கிறது. ரயில்வே, கடற்படை, ஐ.ஓ.பி. என்று நாட்டின் பெரிய அணிகள் இங்கே வந்து ஆடிவிட்டுப் போயிருக்கின்றன. பஸ் கம்பெனி நடத்தியவர் பெயரில் ஒரு கோப்பை, பம்ப்செட் கம்பெனி பெயரில் இன்னொன்று. ராஜலட்சுமி மில்ஸ் என்று மில் பெயரிலேயே ஒரு அணி. கொங்கு நாட்டுத் தொழிலும் கூடைப்பந்தும் இப்படித்தான் கைகோத்து வளர்ந்தன.

இப்போது இன்னொரு பக்கம் பார்ப்போம். காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோடு, நூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெருக்களில் இருந்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி அணியில் இருக்கிறான். மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்தால் சால்வை போட ஆள் வரும், ஃபிளெக்ஸ் அடிக்க ஆள் வரும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'நம்ம பையன்' என்று போட ஊரே வரும். ஆனால் அந்தப் போட்டிக்குப் போகிற பஸ் செலவுக்கு?

ஒரு ஊர் தன் பள்ளி அணிக்குத் தர வேண்டிய ஆதரவு ஜெயித்த பிறகு வருவது அல்ல, ஜெயிப்பதற்கு முன்னால் வருவது. அதுவும் ஸ்டார் பிளேயருக்கு அல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேருக்கு. ஏன் என்று பார்க்கலாம்.

ஒரு ஸ்கூல் டீம் எங்கே உடைகிறது?

களத்தில் ஐந்து பேர். அணிப் பட்டியலில் பன்னிரண்டு பேர். பத்து நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. அதனால் கடைசிக் கால் பகுதியில் ஜெயிப்பது பெரும்பாலும் பெஞ்ச் பலமாக இருக்கும் அணிதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து என்று பிராக்டிஸ் ஆட பத்து பேர் வேண்டும். பன்னிரண்டில் மூன்று பேர் நின்றுவிட்டால் ஒன்பதுதான் மிச்சம். ரிங்கில் பந்து போட்டுப் பழகலாம், டிரிபிள் செய்து பார்க்கலாம். முழு ஆட்டம் ஆட முடியாது.

அந்த மூன்று பேர் ஏன் நிற்கிறார்கள்? காரணங்கள் பெரிதாக இருக்காது. ஒருவனுக்கு ஷூ தேய்ந்து அடி தெரிகிறது, சிமென்ட் தரையில் திரும்பும்போது வழுக்குகிறது. இன்னொருவனுக்கு மாலையில் கடை வேலை. மூன்றாமவன் பத்தாம் வகுப்பு, வீட்டில் 'ஒரு வருஷம் பந்தைத் தொடாதே' என்றுவிட்டார்கள். யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஒருநாள் வருவதில்லை, அப்புறம் வருவதே இல்லை. ஸ்டாருக்கு எப்படியோ ஷூ கிடைத்துவிடும். பத்தாவது ஆளுக்குக் கிடைக்காமல் போனால் அணியே நின்றுவிடும்.

போட்டி அமைப்பும் செலவை அடுக்கடுக்காக ஏற்றுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று ஏறுகின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று தனித்தனிப் பிரிவுகள். ஒவ்வொரு படி ஏறும்போதும் பயணம் நீள்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் சேர்கின்றன. அதாவது, அணி நன்றாக ஆட ஆட செலவு கூடுகிறது. பல பள்ளிகளில் இந்த இடைவெளியை பி.டி. மாஸ்டர் தன் பாக்கெட்டில் இருந்துதான் நிரப்புகிறார். எத்தனை வருஷம் நிரப்புவார்?

எதிரே யார் வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல தரை, ஃபிளட்லைட், தனிப் பயிற்சியாளர் என்று எல்லாம் இருக்கும் தனியார் பள்ளி அணியும் அதே போட்டியில்தான் ஆடுகிறது. ரிங்கின் உயரம் இருவருக்கும் 3.05 மீட்டர்தான். ரிங் வரைக்கும் வந்து சேரும் பாதைதான் வேறு.

ஊர் கூடிப் பள்ளிக்குச் செய்வது நமக்குப் பழக்கமா?

நன்றாகவே பழக்கம். 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்கள். இன்றைக்கு கோவையில் படித்த பாதிப் பேருக்கு அந்த ஐந்தாவது பங்கோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கும்.

பணக்காரர்கள் மட்டும் செய்ததும் இல்லை. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. அங்கிருந்து அது மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று ஊர் மக்களே பட்டியல் போட்டார்கள். ஒருவர் நாற்காலி, ஒருவர் மணி, ஒருவர் தேசப்படம் என்று கொடுத்தார்கள். அரசு கட்டடம் கட்டியது. உள்ளே இருந்த ஓட்டைகளை ஊர் அடைத்தது.

கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடும் வழக்கமும் நமக்குத் தெரிந்ததுதான். எல்லோரும் ஒரே தொகை, வரவு செலவை எல்லோரும் பார்க்கலாம். பள்ளி அணிக்கு வேண்டியது இதே முறைதான். நூறு வீடு, மாதம் நூறு ரூபாய் என்றால் மாதத்துக்குப் பத்தாயிரம், வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒருமுறை வரும் பெரிய செக்கைவிட மாதாமாதம் வரும் இந்தச் சிறிய தொகைதான் அணிக்கு உதவும். ஏனென்றால் ஷூ தேய்வதும் மாதாமாதம்தான்.

ஊர் பின்னால் நின்றால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய்க்கு அடுத்து ஹாக்கி. அந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி கிளப்கள் இருக்கின்றன. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கேதான். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் அந்த விடுதியில் வளர்ந்தவர்கள். அரசு விடுதி தந்தது. ஊர் ஹாக்கியைப் பேச்சாகவே வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் ஆட்டக்காரர்களை உருவாக்கியது.

வெளிநாட்டில், பள்ளிக் கூடைப்பந்தை ஊர்த் திருவிழாவாகவே நடத்தும் இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம். 1954-ல் மைலன் என்ற சின்ன ஊரின் பள்ளி மாநில இறுதிப் போட்டிக்கு வந்தது. பள்ளியில் மொத்தமே 161 மாணவர்கள். எதிரே மன்சி சென்ட்ரல் என்ற பெரிய நகரத்துப் பள்ளி. கடைசி விநாடிகளில் பாபி பிளம்ப் என்ற பையன் போட்ட பந்தில் மைலன் 32-30 என்று ஜெயித்தது. 1986-ல் வந்த 'ஹூசியர்ஸ்' என்ற படத்துக்குத் தூண்டுதல் இந்த ஆட்டம்தான்.

ஆதரவு எப்போது சுமை ஆகிறது?

அதே அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஒடெசா நகரம் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே ஒரு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியோடு 1988-ல் ஒரு சீசன் முழுக்க இருந்து எச்.ஜி. பிஸ்ஸிங்கர் எழுதிய புத்தகம் 1990-ல் வந்தது. ஒரு ஊர் தன் கனவு முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்று அது காட்டியது. முழங்காலில் அடிபட்ட நட்சத்திர வீரனை ஊர் எவ்வளவு வேகமாக மறந்தது என்பதும் அதில் இருக்கிறது.

இது நமக்கும் எச்சரிக்கை. பணம் கொடுத்தவர் தன் மகனை ஐந்து பேரில் ஒருவனாக இறக்கச் சொல்லக் கூடாது. டீம் செலெக்‌ஷன் பயிற்சியாளருடையது. தோற்ற அன்றைக்கு பசங்களைத் திட்டி வீடியோ போடுவது ஆதரவு ஆகாது. பிள்ளைகளோடு பேச வேண்டியது இருந்தால் பள்ளி வழியாக, ஆசிரியர் முன்னிலையில் பேச வேண்டும். தனியாக போன் நம்பர் வாங்குவது, தனியாக வண்டியில் கூட்டிப் போவது எல்லாம் வேண்டாம். போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் இந்த எல்லையைக் காக்க வேண்டும் என்றில்லை.

பெண்கள் அணிக்கு?

சரிபாதி. இதில் பேரம் இல்லை. இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்த அனிதா பால்துரை சென்னைக்காரர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை என்பதற்கு அதுவே போதும். குறைவது வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம், உடை மாற்ற அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, வெளியூர்ப் போட்டிக்குக் கூட வர ஒரு பெண் ஆசிரியர். இவை இல்லாவிட்டால் பெண்ணுக்கு ஆர்வம் இருந்தும் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டத்தின்படி, பெற்றோர் திரட்டிக் கொடுத்த பணமாக இருந்தாலும் ஆண், பெண் அணிகளுக்கான வசதியில் பாரபட்சம் காட்டப் பள்ளிக்கு உரிமை இல்லை. நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வசூல் பெட்டியிலேயே 'இரண்டு அணிக்கும்' என்று எழுதிவிட்டால் போதும்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்காதா?

வீட்டில் கேட்கும் நியாயமான கேள்வி இது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் 500 இடங்கள் விளையாட்டு ஒதுக்கீடு. அரசு வேலையில் 3 சதவீதம். இதெல்லாம் உண்மை. ஆனால் அணியில் இருக்கும் பன்னிரண்டு பேரில் பெரும்பாலானோருக்கு அந்த இடம் கிடைக்காது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது வேறு. தினமும் ஒரு இடத்துக்கு நேரத்துக்குப் போகும் பழக்கம், தோற்ற பிறகும் மறுநாள் வந்து நிற்கும் பழக்கம், தன்னைக் கவனிக்கும் ஒரு பெரியவர். பள்ளியை விட்டு நிற்க நினைக்கும் பையனுக்குச் சில சமயம் பள்ளியோடு மிஞ்சியிருக்கும் ஒரே கயிறு இந்த அணிதான்.

அதற்காகத் தேர்வை ஒதுக்க வேண்டாம். ஐ.டி.யில் வேலை பார்க்கும் இரண்டு பேர் சனிக்கிழமை காலை பிராக்டிஸ் முடிந்ததும் பள்ளியிலேயே, ஆசிரியர் முன்னிலையில், ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக் கொடுத்தால் பத்தாம் வகுப்புப் பையன் அணியில் நீடிப்பான். இதற்குப் பணமே வேண்டாம்.

சரி, எந்த வழியில் கொடுப்பது?

முதலில் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். 'என்ன வேணுங்க சார்?' என்று கேட்காமல் நாமே முடிவு செய்து வாங்கிக் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் பீரோவுக்குள் போய்விடும். ஆண்களுக்கு 7-ம் எண் பந்து, பெண்களுக்கு 6-ம் எண். இது தெரியாமல் வாங்கிய ஒரு டஜன் பந்து யாருக்கும் உதவாது.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அணியின் தேவையை அங்கே தீர்மானமாகப் போடச் சொல்லலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம். விளையாட்டுக்கென்றே 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டிருக்கிறது.

கம்பெனி நடத்துகிறீர்களா? நிறுவனச் சட்டம் 2013-ன்படி சமூகப் பொறுப்பு நிதியை ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சிக்குச் செலவிடலாம். கூடைப்பந்து ஒலிம்பிக் விளையாட்டு. தனிநபர் என்றால், 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு என்பதை அறிந்திருப்பீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடைக்காது.

எந்த வழியாக இருந்தாலும், கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். யாரிடம் எவ்வளவு வந்தது, எத்தனை ஜோடி ஷூ, எந்த ஊருக்கு எத்தனை டிக்கெட் என்று பசங்களே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நம்பிக்கை போய்விட்டால் அடுத்த மாதம் அந்த நூறு ரூபாய் வராது.

பணம் இல்லாதவர்கள்?

போய்ப் பாருங்கள். குறுவட்டப் போட்டிக்குக் கூட்டமே இருக்காது. ஆடுகிற பிள்ளைகளும் இரண்டு பி.டி. மாஸ்டரும் ரெஃப்ரியும்தான். அங்கே ஊரில் இருந்து பத்து பேர் வந்து உட்கார்ந்து, பேரைச் சொல்லிக் கை தட்டினால் அந்தப் பிள்ளைக்கு அது முதல் அனுபவமாக இருக்கும். அப்படித் தட்டும்போது பெஞ்சில் இருந்து எழுந்து வரும் ஒன்பதாவது, பத்தாவது ஆளுக்கும் தட்டுங்கள்.

கோவையில் பெரிய கோப்பைகளுக்குப் பெயர் கொடுக்க ஆள் எப்போதும் கிடைத்திருக்கிறது. அந்தக் கோப்பையை ஒருநாள் தூக்கப்போகிற பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பில், தன் அளவைவிடப் பெரிய ஷூவில் பேப்பர் திணித்து ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்த குறுவட்டப் போட்டி எந்தத் தேதி என்று உங்கள் ஏரியா பள்ளியின் பி.டி. மாஸ்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.