நாடி பார்க்கப் பள்ளியிலேயே பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஜூலையில் காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. உடலில் நீர் வற்றும்போது நாடி வேகமெடுக்கும். அதைக் கண்டறிய இரண்டு விரலும் ஒரு கடிகாரமும் போதும். இதயத்தின் படத்தை அழகாக வரையும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவதில்லை.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு, 12 முதல் 20 மூச்சு இயல்பு. இருமலோடு இருக்கும் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு மூச்சு 40ஐத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் ஆடு மாடு வளர்ப்போர் பலர். மாட்டுக்கு வாலின் அடிப்புறத்திலும் ஆட்டுக்கு உள்தொடையிலும் நாடி கிடைக்கும். மாட்டின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல். இதைவிட நல்ல அறிவியல் பாடம் ஏது?

காரைக்கால் ஜிப்மர் மாணவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் பள்ளிகளுக்கு அழைத்து, கல்வித்துறை இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். அளந்து குறித்துவைப்பது மட்டுமே பிள்ளைகளின் வேலை; வைத்தியம் மருத்துவர் பொறுப்பு என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெடுங்காடு, காரைக்கால்.